இந்த றோட்டு யாருடையது?

1994 ஜனவரி 16, ஞாயிறு

போதும். இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக எனக்கு யாரும் பொன்னாடை போர்த்திவிடவில்லை. இனி இந்தக் கொப்பியிலாவது சொல்லித் தீர்க்கிறேன்.

நேற்று எங்கள் அப்பாட்மென்ற் நலன்புரிச் சங்கத்தின் பொங்கல் விழா. பள்ளிக்கூட மண்டபம் நிறைந்த சனம். தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா பட்டு வேட்டிக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இலையுதிர் காலத் தேர்தலில் வென்ற எம்.பி.யை நாதஸ்வரக் கசெற் முழங்கக் கூட்டிவந்தார்கள். மாலை, பொன்னாடை, சந்தனம். சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனிதர் விழா முடியும்வரை ஒரு விரலைத் தனியே நீட்டி வைத்திருந்தார்.

பிறகு தலைவர் சிறி ஒலிவாங்கியைப் பிடித்தார். எங்கள் கட்டடத்துக்கு முன்னாலுள்ள றோட்டைச் சனம் கடப்பதற்கு ஒரு சிக்னல் லைற் போட்டுத் தரவேண்டும் என்று எம்.பி.யிடம் கேட்டார். அவர் உரியவர்களுக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். கைதட்டல்.

உரியவர்கள் யார்? மண்டபத்தில் ஒருவர் கேட்டாரா?

அது ஆறு லேன் றோட்டு. பஸ் நிற்பது எதிர்ப்பக்கம். மார்கழியில் எங்கள் எட்டாம் மாடிக் கிளடிஸ் அன்ரியைப் பட்டப்பகலில் கார் அடித்து, இடுப்பெலும்பு முறிந்து, இன்னமும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த றோட்டு மெற்றோ என்கிற பெருநகரசபையுடையது. லைற் போடுவது மெற்றோ. ஒட்டாவாவில் இருக்கும் எம்.பி.க்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. ஊரில் இடமாற்றத்துக்கும் எம்.பி., தார் போடவும் எம்.பி., தபாற்கந்தோருக்கும் எம்.பி. அந்தப் பழக்கத்தை விமானத்தில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

சனத்துக்குத் தெரியாது, சரி. சிறிக்கு? யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் திணைக்களத்தில் எனக்குக் கீழே லிகிதராக இருந்தவர். எந்தத் தெரு கிராமசபைக்கு, எது நெடுஞ்சாலைக்காரருக்கு என்று கரைத்துக் குடித்தவர். இப்போது மில்லிக்கன் பக்கம் சொந்த வீடு, கார். இந்த றோட்டை அவர் காலால் கடப்பதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி மங்கையற்கரசி கேட்டாள்: “கோவம் லைற்றாலையோ, உங்களை மேடைக்குக் கூப்பிடாததாலையோ?”

நான் கோட்டுக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டேன். பனியில் வாய் திறந்தால் பல் கூசும்.

ஜனவரி 19

இப்படி ஒரு குளிரை இந்த நாட்டிலும் கண்டதில்லை. பஸ் வராமல் நின்று நின்று, எல்லோர் மேலும் வெறுப்பு.

ஜனவரி 23, ஞாயிறு

கிளடிஸ் அன்ரியைப் பார்க்கப் போனோம். கட்டிலில் இருந்தபடி மற்றவர்களுக்குத் தைரியம் சொல்கிறார். மகள் ரதிதான் வாடியிருக்கிறாள். பிள்ளையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு தினமும் இரண்டு தரம் அதே றோட்டைக் கடக்கிறாள். போகும்போது பிள்ளை பார்க்கும் வீட்டுக்கு, வரும்போது இங்கே. புருஷன் இன்னும் கொழும்பில்.

“லைற்றுக்கு நீ முறையிட்டனியோ பிள்ளை?” என்று கேட்டேன். “நீதான் சொல்லவேணும். உன்ர தாய்க்கு நடந்தது.”

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஐயோ, எங்கட பேர் அங்கை போகக்கூடாது அண்ணை. அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கவுண்மேந்திலை முறைப்பாடு குடுத்தது எண்டு பதிஞ்சால், பிறகு இமிகிரேசனிலை கரைச்சல் வராதோ? சிறி அண்ணை எல்லாத்தையும் தான் பார்க்கிறாராம்.”

“ஆர் சொன்னது கரைச்சல் வரும் எண்டு?”

“எல்லாரும்தான்.”

எல்லாரும். நாங்கள் பார்த்த அரசாங்கம் ஒன்றுதான். கச்சேரி அலுவலகம், பொலிஸ், இராணுவம், எல்லாம் ஒரே உடம்பு. வாலில் மிதித்தால் தலை கடிக்கும். இவர்கள் இங்கேயும் அந்தப் பாம்பைத்தான் தேடுகிறார்கள். அதை எப்படி நான் குறை சொல்வது? ஆனால் அந்தப் பயத்தை வைத்து ஒருவன் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறானே.

ஜனவரி 26

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெற்றோவுக்கு போன் எடுத்தேன். நான் வேலை செய்யும் இன்சூரன்ஸ் கொம்பனியில் கோப்பு அறைப் பொறுப்பாளருக்கு நான் போனில் கதைப்பது பிடிக்காது. அவருக்கு என்னிடம் பிடித்தது எதுவென்றும் எனக்குத் தெரியாது.

மறுமுனையில் பேர்ணடெற் என்று ஒரு பெண். சண்டை பிடிக்கத் தயாராக எடுத்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. எங்கள் றோட்டைப் பற்றி இதுவரை ஒரு வேண்டுகோளும் வரவில்லையாம். ஒன்றும். பொன்னாடை இன்னும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

மார்ச் நடுவில் போக்குவரத்துக் கொமிற்றி கூடுகிறது. அந்த இடத்தில் வசிப்பவர் யாரும் முன்னால் வந்து பேசலாம். தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆளைக் கூட்டிவரலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். அடிபட்டவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் பேசினால் நல்லது என்றார்.

“சிட்டிசனாக இருக்கவேண்டுமா?”

அவர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. “றோட்டைக் கடப்பவராக இருந்தால் போதும்” என்றார்.

ஜனவரி 30, ஞாயிறு

காலையிலிருந்து எழுதினேன். நாலு பக்கம். தலைப்பு: கனடிய சமஷ்டி அமைப்பில் உள்ளூர் அதிகாரப் பகிர்வு, ஓர் அறிமுகம். நல்ல தமிழ். திணைக்களத்தில் என்றால் ஆணையாளர் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பார்.

மங்கையற்கரசி கறிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“உது ஆருக்கு? சோதினைக்கோ?”

“சனத்துக்கு.”

“உதை வாசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை லைற் பச்சையாகித் திரும்பச் சிவப்பாகிடும். குப்பைக்கு ஆர், பஸ்ஸுக்கு ஆர் எண்டு சொல்லுங்கோ. அதிகாரத்தைப் பிறகு பகிருவம்.”

கோபத்தில் கிழித்தேன். கிழித்துவிட்டு, அதே கோபத்தில் இதை எழுதினேன். ஒரே பக்கம்:

“உங்கள் தலைக்கு மேலே இருப்பது ஒரு அரசாங்கம் இல்லை. நாலு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

குப்பை எடுக்கவில்லையா, வீட்டில் ஹீற் இல்லையா, பக்கத்துச் சின்னத் தெரு பள்ளமா, நூலகம், பூங்கா பற்றியா? ஸ்காபரோ நகரசபையைக் கேளுங்கள். உங்கள் வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார்.

பஸ், பொலிஸ், அம்புலன்ஸ், வெல்பெயர், பெரிய றோட்டுகள், அவற்றில் உள்ள லைற்றுகள் பற்றியா? மெற்றோ. அதற்கு வேறு கவுன்சிலர். இருவரும் ஒருவரல்ல.

ஹெல்த் காட், கார் லைசென்ஸ், வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பது? மாகாணம். 

அகதிக் கேஸ், பாஸ்போட், வேலை போனால் வரும் காசு? ஒட்டாவா. எம்.பி. இருப்பது இதற்குத்தான்.

பள்ளிக்கூடத்துக்குத் தனியே ஒரு சபை. அதற்கும் தேர்தல் உண்டு.

எங்கள் வாசல் றோட்டு மெற்றோவுடையது. மார்ச்சில் மெற்றோக் கொமிற்றி முன்னால் இங்கே குடியிருக்கும் யாரும் பேசலாம். சிட்டிசனாக இருக்கத் தேவையில்லை. உங்கள் கேஸைப் பற்றி அவர்கள் கேட்கமாட்டார்கள். அது அவர்களுடைய அலுவல் இல்லை. உங்களுக்காக வேறு யாரும் பேசத் தேவையில்லை.”

அவள் இதைக் கடைசி வரி வரை வாசித்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தாள்.

பெப்ரவரி 5, சனி

பிளாசாவில் சிறியின் பயண முகவர் கந்தோர். சுவர் முழுக்க அவரும் யாரோவும் கைகுலுக்கும் படங்கள்.

“அண்ணை, வாங்கோ வாங்கோ. கனகாலம். ரீ குடிப்பம்.”

பக்கத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தார். முகம் மலர்ந்தது. பொய் மலர்ச்சி இல்லை, அதுதான் எரிச்சல்.

“அருமை அண்ணை. சங்க மலரிலை முதல் பக்கத்திலை போடுவம். உங்கட படம். பி.ஏ., முன்னாள் உதவி ஆணையாளர் எண்டு பெரிசா. சனத்துக்கு உங்களை ஆரெண்டு தெரியவேணும்.” பிறகு பேனையை எடுத்துக் கடைசிப் பந்தியைச் சுற்றி ஒரு வட்டம். “உது மட்டும் வேண்டாம்.”

“உதுதானே விசயம்.”

“கேஸ் இருக்கிற பிள்ளையள் அங்கை போய் ஏதும் உளறினால்? நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு, நீங்களோ?”

“கேஸுக்கும் லைற்றுக்கும் என்ன சம்பந்தம் சிறி?”

“ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதே.”

“அதைத்தானே எழுதியிருக்கிறன்.”

சிரித்தார். “அண்ணை, கோப்பு ஒரு மேசையாலைதான் போகவேணும் எண்டு எனக்குப் படிப்பிச்சதே நீங்கள்தானே.”

ஓம், நான்தான் சொன்னேன். ஆனால் என் மேசைக்கு வந்த கோப்பு மற்றப் பக்கத்தால் வெளியே போனது. இவனுடைய மேசையில் கோப்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது.

பக்கத்தைப் பறித்துக்கொண்டு வந்தேன். ரீயைக் குடிக்கவில்லை.

பெப்ரவரி 6

முதல் பக்கம். படம். பி.ஏ. — இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டு எழுத்தை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனாகவா இருக்கவேண்டும்?

பெப்ரவரி 9

எனக்கு ஒருவனுடைய மலரும் வேண்டாம். போட்டோக் கொப்பி எடுத்து, கடைசிப் பந்தியோடு, கீழே முழுப் பெயர், பட்டம், பழைய பதவி, வீட்டு இலக்கம் எல்லாம் போட்டு ஒட்டிவிட்டேன். முன்வாசல், லோண்டறி றூம், எலிவேற்றருக்குப் பக்கம். ஒளிக்க என்ன இருக்கிறது? என் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டு என் மேசையை விட்டுப் போனதில்லை.

பெப்ரவரி 12, சனி

எலிவேற்றருக்குள் கோட்டின் தொப்பியை முகம் மறைய இழுத்தபடி நின்றேன். இரண்டு பேர் ஏறினார்கள். என்னைத் தெரிந்தவர்கள்தான், கவனிக்கவில்லை.

“நோட்டீஸ் பார்த்தனியே?”

“சிறிக்கு அடிச்சது. அண்ணைக்குத் தலைவர் கதிரையிலை கண்.”

“என்ன எழுதியிருக்கு?”

“நான் எங்கை வாசிச்சன்? பேரைப் பார்த்தன், விளங்கீட்டுது.”

“ஆள் எந்தப் பக்கம்?”

“ஒரு பக்கமும் இல்லை. அதுதான் ஆபத்து.”

நாலாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார்கள். என் மாடி எட்டு. அங்கே கதவு திறந்ததும் வெளியே வராமல் திரும்பக் கீழே போனேன்.

லோண்டறி றூமில் ஒட்டியதைக் காணவில்லை. வாசலில் இருப்பதில், என் பெயருக்குக் கீழே பேனையால்: “இவர் ஆர் எங்களுக்குப் படிப்பிக்க?”

பெப்ரவரி 13

எனக்கென்ன விசரே? ஆருக்காக எழுதினனான்? எழுதினதை வாசிக்கேல்லை, எழுதினவனைத்தான் வாசிக்குதுகள். எந்த ஊர், எந்தப் பக்கம், ஆரோடை கோவம் — இந்த மூண்டும் தெரிஞ்சால் போதும், மிச்சம் வாசிக்கத் தேவையில்லை. அடிபட்டுச் சாகட்டும் எண்டு விடவேண்டியதுதான்.

— இதை எழுதியிருக்கக் கூடாது. வெட்டவில்லை. இருக்கட்டும்.

பெப்ரவரி 17, வியாழன்

வேலையால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரதியும் ஸ்ட்ரோலரோடு அதே பஸ். இருட்டத் தொடங்கிவிட்டது. சேர்ந்து கடந்தோம். பாதித் தூரத்தில், நடுத்திட்டில், மாட்டிக்கொண்டோம். ஒரு பக்கம் மூன்று லேன், மறுபக்கம் மூன்று லேன், நடுவில் பனிக்குவியலின் மேல் நாங்கள். கார்கள் நிற்கவே இல்லை. இந்தக் கட்டடத்து மனிதர்கள் ஒருவரோடொருவர் உண்மை கதைப்பதற்கு வேறு இடமில்லைப் போலும்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட நோட்டீசை நான் வாசிக்கேல்லை.”

“ஏன் பிள்ளை?”

“கீழை பேரைத்தான் முதல் பார்த்தனான். சிறி அண்ணைதானே என்ர கேஸுக்கு லோயர் பிடிச்சுத் தந்தவர். அவருக்கு எதிரா எழுதினதை நான் நிண்டு வாசிக்கிறதை ஆரும் கண்டால்?”

“அதிலை அவருக்கு எதிரா ஒரு வரி இல்லை.”

“பேர் உங்கடைதானே.”

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

“இப்ப ஓடுவம்” என்றாள். ஓடினோம். மூன்றாம் லேனில் ஸ்ட்ரோலரின் சில்லு உறைந்த பனிப் பள்ளத்தில் இறுகிவிட்டது. நான் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கார் சறுக்கிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கித் திட்டினான். பிள்ளை நித்திரை கலையவில்லை.

நடைபாதைக்கு ஏறிய பிறகு ரதி அழவில்லை. “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

பெப்ரவரி 18

“பேரை எடுத்துவிடுங்கோவன்” என்கிறாள் மங்கையற்கரசி.

“மொட்டைக் கடிதமோ? நானோ?” திணைக்களத்துக்கு வந்த மொட்டைக் கடிதங்களை நான் பிரித்ததும் குப்பைக்கூடைக்குள் போட்டவன். பெயர் வைக்கத் துணிவில்லாதவன் எழுதுவது அது.

“பஸ் ஸ்ரொப்பிலை நேரம் எழுதி ஒட்டியிருக்கு. ஆர் எழுதினது எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?”

“அது வேறை, இது வேறை.”

“என்ன வேறை?”

பதில் இருந்தது. சாப்பிடாமல் எழுந்து இந்தக் கொப்பியை எடுத்தேன். சிறிக்கு மேடை, படம், கைகுலுக்கல். எனக்கு என்ன, ஒரு வரி பெயரும் இல்லையா? அதையும் நானே அழித்துக் கொடுக்கவேண்டுமா?

பெப்ரவரி 21

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 26, சனி

காலையில் கதவு தட்டுப்பட்டது. ரதி. கையில் ஒரு தாள். என் தாள். அடிப்பகுதி கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

“அண்ணை, லோண்டறி றூமிலை மெசினுக்கு மேலை கிடந்தது. கீழ்மாடிச் சனமும் எடுத்து வாசிக்குது. நீங்களும் ஒருக்கா வாசியுங்கோ. வடிவா விளங்குது. உங்கடை மாதிரிச் சண்டைக்கு எழுதினது இல்லை.”

குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மங்கையற்கரசி அங்கே நிற்கிறாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

தாளை வாங்கி, முதல் தடவை பார்ப்பவன்போல, முழுவதையும் வாசித்தேன். வேறென்ன செய்வது?

“டெலிபோன் புத்தகத்திலை மெற்றோ நம்பரைத் தேடி நான் போன் எடுத்தனான்” என்றாள் ரதி. “பேர்ணடெற் எண்டு ஒரு பொம்பிளை. என்ர உடைஞ்ச இங்கிலிசிலை சொன்னன். அம்மாவுக்கு நடந்ததைக் கேட்டா. பேர் கேட்டா, குடுத்தன். கேஸைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை அண்ணை. நான் காத்துக்கொண்டு நிண்டனான், கேப்பா கேப்பா எண்டு. கேக்கேல்லை.”

“சிறிக்குத் தெரியுமோ?”

“நானே சொல்லிப்போட்டன். ‘ம்’ எண்டார். பிறகு தானும் வாறாராம்.”

வரட்டும். பொன்னாடையோடு வரட்டும்.

“மார்ச் கூட்டத்திலை நான் தமிழிலைதான் கதைப்பன். நீங்கள் வந்து இங்கிலிசிலை சொல்லுவீங்களோ? அங்கை அரசாங்கக் கதை கதைச்சுப் பழக்கமான ஆள் நீங்கள்தானே.” கொஞ்சம் தயங்கினாள். “நான் சொல்லுறதை மட்டும் சொன்னால் காணும். உங்கட கதை ஒண்டும் சேர்க்கப்படாது.”

“ஓம்” என்றேன்.

வாசலில் நின்று, “உதை ஆர் எழுதினது எண்டு தெரியுமோ அண்ணை?” என்று கேட்டாள்.

குழாய் நின்றது.

“தெரியாது” என்றேன்.

அவள் போன பிறகு மங்கையற்கரசி கையைத் துடைத்தபடி வந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் சத்தம் போட்டுத்தான் சொல்லியிருப்பேன். என்னைக் கேளாமல் என் பெயரை வெட்ட இவள் யார்? — கேட்டிருந்தால் விட்டிருப்பேனா?

சிறி மேலுள்ள கோபம் ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன். எலிவேற்றர்க்காரர் இருவர் மேலும் ஆறவில்லை. முதல் பக்கமும் படமும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன, அதையும் மறைக்கவில்லை.

பின்னேரம் மேசையில் உட்கார்ந்து புதிதாக ஒரு பிரதி எழுதினேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று வேண்டும். பக்கத்துக் கட்டடத்திலும் தமிழ்ச் சனம் இருக்கிறது. “அகதிக் கேஸ்” என்ற வரியை இன்னும் கொஞ்சம் இலேசாக்கினேன். முடித்துவிட்டுப் பேனை பழக்கத்தில் கீழே இறங்கி வலப்பக்க மூலைக்குப் போனது. அங்கே என் பெயருக்கு அளவான இடம் இருந்தது.

அந்த இடத்தில் மெற்றோவின் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினேன். நாளைக்கு ஒட்டுகிறேன்.